முதல் மெத்தையும் ஐந்தரை மணி டப்பாவும்

ஆரணிக் கடைவீதியில் பன்னீர்செல்வத்தின் பட்டுக்கடைக்குள் சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வாசற்படியிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் ட்யூப் லைட்டுதான். அப்படியிருந்தும் வெளியே பொழுது சாயப்போகிறது என்பது குப்புராஜுக்குத் தினமும் தெரிந்துவிடும். ஏனென்றால் ஐந்தரை மணிக்குத் தரணேந்திரன் எழுந்திருப்பார்.

எழுந்திருப்பார் என்று சும்மா சொன்னால் போதாது. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், கையைத் தரையில் ஊன்றாமல், சுவரைப் பிடிக்காமல், பெருமூச்சு ஒன்றுகூட விடாமல், அடுப்பில் வைத்த பால் பொங்குவதுபோல அப்படியே மேலே கிளம்புவார். வயிறு இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். தூணோரம் இருக்கும் மூன்றடுக்கு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மரப்படி ஏறி மச்சுக்குப் போய்விடுவார். அவர் நயினார் வீட்டுப் பிள்ளை, சமணர். பொழுது இறங்கிய பிறகு ஒரு பருக்கை வாயில் படாது. பிறந்ததிலிருந்து அப்படி. முதலாளியும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

சேலை விரித்துக் காட்டும் முதல் மெத்தையில் உட்கார்ந்திருக்கும் குப்புராஜின் கண் அந்தக் கேரியரின் பின்னாலேயே படியேறும். மச்சு வரைக்கும் போய், மூடியைத் திறக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தொங்கிப்போன முகத்தோடு இறங்கி வரும்.

குப்புராஜ் எழுந்திருப்பது வேறு ரகம். அது ஒரு தேர்த்திருவிழா. முதலில் இடது கை மெத்தையில் ஊன்றும். வலது கை தூணைத் தேடும். நிலையை விட்டுக் கிளம்பலாமா வேண்டாமா என்று உடம்பு ஒருமுறை ஆடிப் பார்க்கும். பிறகு முழங்கால் இரண்டும் படபடவென்று வெடிக்கும். பீரோக் கண்ணாடி அதிரும். போளூர் பஸ்தான் கடைக்குள் நுழைந்துவிட்டது என்று எதிர்க்கடைக்காரர் ஒருமுறை குடையை வீசிவிட்டு ஓடிவந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவரும் ஒரே வருஷம் கடையில் சேர்ந்தவர்கள்தான். அப்போது இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து ஒரே அரைஞாணால் கட்டிவிடலாம். எழுபதுகளில் கடையும் சிறியது, வேலையும் அளவானது, மதியம் சேலைக்கட்டில் தலைவைத்து ஒரு தூக்கம் போடக்கூட முடியும். எண்பது பிறந்ததோ இல்லையோ, ஊருக்கே பேய்வேகம் பிடித்துக்கொண்டது. மெட்ராஸ்காரர்கள் காரில் வந்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து வேன் பிடித்துக்கொண்டு சொந்தபந்தமே வந்து இறங்கியது. வந்தவர்கள் அத்தனைபேரும் ஜல்தி ஜல்தி என்றார்கள்.

அப்படி வருகிற கல்யாணப் பார்ட்டிகள் வாசலுக்கு நேராக விரித்த முதல் மெத்தையின் எதிரில்தான் உட்காரும். அந்த மெத்தைக்குக் குப்புராஜ்தான் ராஜா. கூறைச் சேலையை அவர் ஒரு வீசு வீசினால், முந்தானை பறந்து போய்ப் பெண்ணின் அம்மா மடியில் குழந்தைபோலப் படுத்துக்கொள்ளும். அதை எழுப்பித் திருப்பித் தர எந்த அம்மாவுக்கு மனசு வரும்? “குப்புராஜி இல்லன்னா நாங்க நாளைக்கி வரோம்” என்று திரும்பிப் போன பார்ட்டிகளும் உண்டு.

ராஜாவுக்குச் சாப்பிடத்தான் நேரமில்லை. காலையில் நாஷ்டா கிடையாது. வெயில் ஏறும்போது சேலை விரித்துக்கொண்டே நாலு போண்டா. மதியச் சோறு நாலு மணிக்கு, அதுவும் தூணோரமாக நின்றுகொண்டே, பருப்பா குழம்பா என்று பார்க்காமல். விளக்கு வைத்ததும் பஜ்ஜி. கடை சாத்தியதும் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா, சால்னா. அதன்பிறகு வீட்டுக்குப் போனால் ராஜம்மாள் மீன்குழம்பும் சோறுமாகக் காத்துக்கொண்டிருப்பாள். காத்திருக்கிற பெண்டாட்டியிடம் பசியில்லை என்று சொல்லலாமா? அதையும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துக்கொள்வார். காலையில் அவருக்கு முன்னால் வயிறு எழுந்துகொள்ளும். கடைக்கும் அதுதான் முதலில் வந்து சேரும்.

“கொஞ்சம் கொறச்சிக்கோ குப்பு” என்று தரணேந்திரன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“எங்கப்பன் சடையன் ஊரார் நெலத்துல ஏர் ஓட்டிகினு, வெறும் வயத்தோட படுத்த மனுஷன்யா. கெடைக்கும்போது வேணாம்னு சொல்றதுக்கு நான் இன்னா ஜமீன்தாரா?” என்றார் குப்புராஜ்.

தரணேந்திரன் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டார். ஐந்தரை ஆகிவிட்டது, எழுந்து போய்விட்டார். அதுதான் குப்புராஜுக்குத் தாங்கவில்லை. உபதேசம் செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தத்துக்குப் போளூரிலிருந்து ஒரு பார்ட்டி வந்தது. அரக்குச் சேலையை எடுத்த குப்புராஜ், பழைய ராஜவீச்சு வீசுவதற்காகக் குனிந்தார். வயிறு குனியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட சட்டைப்பொத்தான், இனி நம்மால் ஆகாது என்று பிய்த்துக்கொண்டு பறந்தது. ட்யூப் லைட்டைத் தொட்டு, மின்விசிறியில் பட்டு, பெண்ணின் தாய்மாமன் வாய்க்குக் கொண்டுபோன காப்பியில் ‘ப்ளக்’ என்று விழுந்தது. மனிதர் அதை வெல்லக்கட்டி என்று நினைத்துக் கடித்தும்விட்டார்.

பார்ட்டி சிரித்தது. எதிர்க்கடை சிரித்தது. அன்றைக்குக் கல்யாணப்பெண் சிரித்த சிரிப்பில் சேலை எடுப்பதே மறந்துபோய், எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள்.

முதலாளி பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. அவர் கல்லா நாற்காலியை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. கடை திறக்குமுன் நாற்காலியும் அவரும் ஒன்றாகவே செய்து கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள் என்று ஊரில் பேச்சு. அங்கிருந்தபடியே சொன்னார்.

“குப்புராஜி, நாளைலேர்ந்து நீ பில்லு மேசையாண்ட ஸ்டூல்ல ஒக்காந்து பை போட்டுக் குடு. மெத்தையில நயினார் ஒக்காரட்டும்.”

“முதலாளி…”

“ஆடியில யாரும் கல்யாணம் பண்ணப் போறதில்ல. ஆவணி பொறந்து மொத பார்ட்டி வரும். அன்னிக்கி நீ சம்மணம் போட்டு ஒக்காந்து, கை ஊனாம எழுந்திரு. மெத்தை உனுது. இல்லன்னா அது நயினாருக்குன்னு நெனச்சிக்கோ.”

மறுநாள் குப்புராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் மெத்தையில் தரணேந்திரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நம் செருப்பை ஒருவர் போட்டுக்கொண்டு, நம் கண்முன்னாலேயே தேரடி வரை உலாத்திவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அதைவிடக் கொடுமை, அந்த மெத்தை அவருக்கு அழகாகவும் இருந்தது.

இந்த நயினாரின் ரகசியம் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது என்று குப்புராஜின் பொறாமை முடிவு கட்டியது. ஏதோ லேகியம், இல்லாவிட்டால் மலையிலிருந்து வருகிற மூலிகை. ஒருநாள் தரணேந்திரன் கைகழுவப் பின்பக்கம் போனபோது, குப்புராஜ் படிகள் முனக மச்சுக்கு ஏறி, அடுக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றில் ஒரு பிடி சோறு. ஒன்றில் கீரை. ஒன்றில் பச்சைப்பயறு. பக்கத்தில் ஒரு லோட்டா மோர். வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை, ஒரு ஊறுகாய்த் துண்டுகூட இல்லை. நாலாவது அடுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேரியரைக் கவிழ்த்தும் பார்த்தார்.

“இன்னா குப்பு தேடற?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“எலி, நயினாரே. எலி ஒண்ணு ஓடிச்சி.”

“எலிக்கு மூடி திறக்கத் தெரியுமா?”

குப்புராஜ் கேரியரை நிமிர்த்தி வைத்தார். நேராகக் கீழே வந்து முதலாளியிடம் நின்றார். “எனக்கும் அஞ்சரைக்கி விடணும். நானும் இனிமே பொழுதோட சாப்டறேன்.”

“நீ எப்பலேர்ந்து நயினார் ஆன?”

“அவுருக்கு மட்டுந்தான் சூரியன் இறங்குதா?”

ஆடிமாசத்தில் கடையே காற்று வாங்கிக்கொண்டிருந்தது. முதலாளி தலையாட்டிவிட்டார்.

முதல்நாள் குப்புராஜ், ஓட்டலில் வாங்கிய தயிர்ச்சோற்றைப் பாலைவனத்துக்குப் புறப்படும் ஒட்டகம்போல அடைத்துக்கொண்டார். எதிரில் தரணேந்திரன் ஒரு வாய்க் கீரையை மென்றுகொண்டிருந்தார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். குப்புராஜ் மூன்று பொட்டலம் முடித்துக் கையும் கழுவியாயிற்று. அந்த ஒரு வாய் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. இதிலும் இவரே முந்திக்கொள்கிறாரே என்று குப்புராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் ஒரே பொட்டலத்தோடு உட்கார்ந்து, நயினாரின் தாடையைப் பார்த்துப் பார்த்து மென்றார். நயினார் நிறுத்தினால்தான் இவரும் நிறுத்துவார். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் முறைத்துக்கொண்டு மென்ற மெல்லில், அந்தத் தயிர்ச்சோறு தானாகவே கரைந்து, மறுபடியும் பாலாகி, ஓடிவிட்டிருக்கும்.

கடை சாத்தியபிறகுதான் சோதனை. பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது சால்னா வாசனை அவர் சட்டையைப் பிடித்து இழுக்கும். “இன்னாண்ணே, நாலு போடட்டா?” என்று கல்லுக்கு முன்னால் நிற்பவர் கேட்பார். சைக்கிளில் முன்னால் போகும் தரணேந்திரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த ஒட்டிய முதுகைப் பார்த்ததும் குப்புராஜுக்குப் பசி போய்விடும். பொறாமை வயிறு முட்ட நிறைந்துவிடும். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

வீட்டில் வேறு தொல்லை. மெத்தை பறிபோனதை அவர் ராஜம்மாளிடம் சொல்லவில்லை, வெட்கம். “பசிக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒருநாள் பொறுத்தாள். இரண்டாம் நாளும் பொறுத்தாள். அடுத்தநாள் மீன்சட்டியை ‘ணங்’ என்று வைத்தாள்.

“எவ வூட்ல சாப்ட்டு வர்றீங்க?”

“எவ வூட்லயும் இல்ல.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் கொழம்ப வேணாம்னு சொன்னதில்ல. சட்டை வேற தொளதொளன்னு ஆயிகினு போவுது. யாருக்காக இந்த அழகு?”

குப்புராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அது இன்னும் சந்தேகமாகப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் ராஜம்மாள் கடைக்கு வந்தாள். ஊசி வாங்க வந்ததாகச் சொன்னாள். பட்டுக்கடையில் ஏதம்மா ஊசி என்று முதலாளி கேட்பதற்குள் மரப்படி ஏறிவிட்டாள். மச்சில் எவளோ ஒருத்தி வாழையிலை போட்டு விசிறிக்கொண்டிருப்பாள் என்று எண்ணிப் போனவள் கண்டது, இரண்டு நடுவயசு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் அசைபோடுவதைத்தான்.

“இதுக்கா எங்கிட்ட பொய் சொன்னீங்க?” என்றவள், சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். தரணேந்திரனின் கீரையை எட்டிப் பார்த்தாள். “யாருங்க செஞ்சது?”

“எங்க வூட்ல. சக்ரேஸ்வரி.”

“வெங்காயம் போடலியே. எப்டி இவ்ளோ வாசன வருது?”

“பெருங்காயமும் சீரகமும் போடுவா.”

ராஜம்மாளின் பார்வை, வாடிப்போன ஓட்டல் பொட்டலத்தின்மேல் விழுந்தது. சக்ரேஸ்வரியின் புருஷன் பளபளவென்று தேய்த்த கேரியரில் சாப்பிடுகிறார், தன் புருஷன் பேப்பரில் சாப்பிடுகிறார். அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் பரணிலிருந்து கேரியரை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். அந்தப் பளபளப்பில் மறுநாள் கடைவீதியில் இரண்டு மாடு மிரண்டது.

கேழ்வரகு அடை. முருங்கைக்கீரையில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவியது. கொள்ளுச் சுண்டல். அப்பன் காலத்து ஏழைத் தின்பண்டம் என்று குப்புராஜ் இருபது வருஷமாகத் தள்ளிவைத்தவை எல்லாம் வரிசையாக வந்தன. முதல்நாள் முகத்தைச் சுளித்தார். ஆனால் மூடியைத் திறந்ததும் எதிரில் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. நயினார் தாடை பாதியில் நிற்க, வேர்க்கடலைப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பார்வைக்காகவே குப்புராஜ் அடையை ரசித்துச் சாப்பிட்டார். இத்தனை நாளில் முதல்முறையாகப் பொறாமை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. சீக்கிரம் முடித்தால் அதுவும் எழுந்து போய்விடுமே. அதனால் நிதானமாக, தூள் தூளாகக் கிள்ளிச் சாப்பிட்டார். பாதி வயிறு நிறைந்ததும் போதும் என்று மூடிவிட்டார். மிச்சம் வைக்கிற வசதி தனக்கும் உண்டு என்று காட்டவேண்டாமா?

“இன்னா குப்பு, அவ்ளோதானா?”

“அவ்ளோதான் நயினாரே. எனக்கு எப்பவுமே சின்ன வயிறு.”

தரணேந்திரனுக்கு அது சுருக்கென்று தைத்தது. தலைமுறை தலைமுறையாக வந்த தங்கள் வீட்டுப் பழக்கத்தில், நேற்று வந்த ஒருவர் தன்னைவிடக் குறைவாகச் சாப்பிடுவதா? மறுநாள் அவர் சோற்றைக் குறைத்தார். குப்புராஜ் அடையைக் குறைத்தார். ஒருநாள் ஐந்தரை ஆகியும் தரணேந்திரன் எழுந்திருக்கவே இல்லை. குப்புராஜ் கேரியரைத் தூக்கிக்கொண்டு படியருகில் நின்றார்.

“வரலியா?”

“இன்னிக்கி சதுர்த்தசி. எனக்கு உபவாசம்.”

குப்புராஜ் படியைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். உள்ளே முருங்கைக்கீரை இருந்தது. மெல்லத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “எனக்கும் இன்னிக்கி அப்டிதான்” என்றார். அன்று கடை சாத்துவதற்குள் அவர் கண்ணுக்குப் பச்சைச் சேலையெல்லாம் கீரையாகவும், மாம்பழக்கலர் எல்லாம் சாம்பாராகவும் தெரிந்தன. நிறைந்த கேரியர் திரும்பி வந்ததைப் பார்த்து ராஜம்மாள் பேசிய பேச்சைக் கேட்டு, தெருமுனை வரைக்கும் ஜன்னல்கள் தாமாகவே சாத்திக்கொண்டன. உபவாசப் போட்டி அன்றோடு முடிந்தது. “நயினாரோட சாமிக்கு அவரு இருக்கறாரு. நீங்க என் சோத்துக்கு இருங்க” என்று சொல்லிவிட்டாள்.

இப்படியாக, ஒருநாள்கூட நல்ல எண்ணம் இல்லாமலேயே குப்புராஜின் வயிறு ஆடி முடிவதற்குள் பாதியாகிவிட்டது. மெத்தையில் உட்கார்ந்து பார்க்கத்தான் பயம். முழங்கால் வெடித்துவிட்டால்?

ஆவணி பிறந்தது. செய்யாரிலிருந்து முதல் பார்ட்டி வந்தது. பெண்ணின் அம்மா செல்லியம்மாள் முன்னால் நடக்க, பின்னால் ஒரு தெருவே நடந்து வந்தது. முதலாளி கல்லாவிலிருந்து கண்ணைக் காட்டினார். தரணேந்திரன் மெத்தையை விட்டு எழுந்து பில் மேசைக்குப் போனார். குப்புராஜ் வந்து நின்றார், காலை மடக்கினார், உட்கார்ந்தார். சம்மணம் பூட்டுப் போட்டதுபோலப் பொருந்தியது. அரக்குச் சேலையை எடுத்துக் குனிந்தார். வயிறும் கூடவே குனிந்தது. வீசினார். முந்தானை பறந்துபோய்ச் செல்லியம்மாள் மடியில் படுத்துக்கொண்டது.

“அடியாத்தா, இது எறங்கமாட்டேங்குதே” என்றாள் அவள்.

பச்சை வந்தது, மாம்பழக்கலர் வந்தது, மயில்கழுத்து வந்தது. சேலை மலைபோல் குவிந்து, ஒருபக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மறுபக்கத்துப் பெண் வீட்டாரைப் பார்க்கமுடியாமல் கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். பார்ட்டி இப்போதைக்கு எழுந்திருக்காது. எழுந்திருக்காத பார்ட்டியை விட்டு விற்பனைக்காரனும் எழுந்திருக்கக்கூடாது. அதுதான் முதல் மெத்தையின் சட்டம்.

அப்போது பில் மேசையிலிருந்து தரணேந்திரன் எழுந்தார். ஐந்தரை. கேரியரை எடுத்தார். படியில் கால் வைக்குமுன் மெத்தையைத் திரும்பிப் பார்த்தார். உதட்டோரம் ஒரே ஒரு துளி சிரிப்பு.

குப்புராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெத்தையை நீ எடுத்துக்கொள், பொழுதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் மனிதர். இவர் மேலே நிதானமாக மெல்லுவார். நான் கீழே, “ஒரு போண்டா சொல்லுங்க” என்று கேட்பேன். அப்புறம் பஜ்ஜி. அப்புறம் பரோட்டா. அடுத்த ஆனியில் இன்னொரு பொத்தான்.

குப்புராஜ் எழுந்தார்.

கை ஊன்றவில்லை. தூணைத் தேடவில்லை. முழங்காலில் ஓசையே இல்லை. எதிர்க்கடைக்காரர் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனார்.

“குப்புராஜி, எங்க?” என்றார் முதலாளி.

“சாப்ட.”

“பார்ட்டி ஒக்காந்துகினு இருக்குதுய்யா.”

“கை ஊனாம எழுந்தா மெத்தை எனுதுன்னு சொன்னீங்க. எழுந்துட்டேன். சாப்ட்டு வந்து அதே மெத்தையில ஒக்கார்றேன்.” செல்லியம்மாள் பக்கம் திரும்பினார். “அம்மா, கால்மணி நேரம். சேலை எங்கயும் போவாது.”

“போய்ட்டு வாங்க” என்றாள் செல்லியம்மாள். “அவசரத்துல எடுத்துகினு போயி, வூட்ல கலர் சரியில்லன்னு என் பொண்ணு அழுவறதுக்கா? எங்களுக்கு டீ சொல்லுங்க.”

முதல் பார்ட்டியின் எதிரில் மெத்தை காலியாக இருக்கலாமா? வேறு வழியில்லை. ஊரே பார்த்திராத காட்சியாக, பன்னீர்செல்வம் நாற்காலியை விட்டு இறங்கினார். வந்து மெத்தையில் உட்கார்ந்தார். மச்சில் கீரைக்கு மூடி திறந்துகொண்டிருந்த இருவருக்கும் ‘தொம்’ என்று சத்தம் கேட்டது. கேரியர் ஒரு சாண் எழும்பி அமர்ந்தது.

அவர்கள் மென்று முடித்து இறங்கி வந்தபோது முதலாளி அதே இடத்தில் இருந்தார். செல்லியம்மாள் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே எடுத்துவைத்துவிட்டு, அவருக்கும் சேர்த்துச் சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திருங்க முதலாளி” என்றார் குப்புராஜ்.

“எழுந்திருக்கத்தான் பாக்கறேன்” என்றார் பன்னீர்செல்வம் தணிந்த குரலில். “நீ போனதுலேர்ந்து பாத்துகினு இருக்கறேன்.”

ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா முதுகில் தோள் கொடுத்தார். ஒருவழியாக நிமிர்ந்த முதலாளி, மூச்சு வாங்கிக்கொண்டே குப்புராஜின் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த கேரியரைப் பார்த்தார்.

“உள்ள இன்னா?”

“ஒண்ணுமில்ல முதலாளி. முருங்கக்கீரை. தீந்துட்சி.”

முதலாளியின் கண் கேரியரை விடவில்லை. அது தூணோரம் போகும்வரை பின்னாலேயே போனது. அந்தப் பார்வையைக் குப்புராஜுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் அவரே வைத்திருந்த பார்வை அது. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அவருக்குக் குளிர்ந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு இருவரும் கேரியரை எடுத்தபோது, கல்லாவிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பன்னீர்செல்வம் ஏற்கெனவே நாற்காலியை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார். கையில் புதுக் கேரியர், வாங்கிய கடையில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

“ஏணிப்படியில என்னயும் கொஞ்சம் மேல தள்ளி விடுங்கப்பா” என்றார்.

மரப்படி மூன்று பேரையும் தாங்குமா என்று தரணேந்திரனுக்குக் கவலை. குப்புராஜின் கவலை வேறு. முதலாளியின் கேரியர் நாலடுக்கு.